196 படிகள்

கோத்தகிரியில் பேருந்து நிற்கும் சாலையிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு 196 படிகள். தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக, பாதி கருங்கல்லும் பாதி சிமெண்டுமாக, மழைக்காலத்தில் பாசி பிடித்தும் வெயில் காலத்தில் சில்வர் ஓக் சருகு மூடியும் கிடக்கும் அந்தப் படிகளைப் பள்ளி நாட்களில் தினமும் இரண்டு முறையாவது ஏறியிருக்கிறேன். புத்தகப் பையோடும் ரேஷன் அரிசியோடும் ஏறியதுண்டு. அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் காஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஏறியதும் உண்டு. அப்போதெல்லாம் அவை எத்தனை என்று எண்ணத் தோன்றியதில்லை. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டுத் தேர்வை முடித்துவிட்டு, ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு முன் கிடைத்த இடைவெளியில் வீடு திரும்பிய அன்றுதான், நடுவில் நிற்க வேண்டி வந்ததால் எண்ணினேன். 110-ஆவது படியில் நின்றேன். மூச்சு வாங்கியது, காதுக்குள் நாடி அடித்தது, தொடைகள் இரண்டும் கனத்தன. மேலே வாசலில் நின்றிருந்த அம்மா இறங்கி வந்து, கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காச்சலா புள்ள?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு முழுவதும் மனத்தில் நின்றது. ஏற்றத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி, நாலரை ஆண்டுகள் சமவெளியில் மருத்துவம் படித்துவிட்டு வரும்போது சொந்த வீட்டுப் படிகளை ஒரே மூச்சில் ஏற முடியாதவளாக ஆகியிருக்கிறாள் என்றால், அந்த நாலரை ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இது என் ஒருத்தியின் நிலையும் அல்ல. விடுதியில் என்னோடு இருந்தவர்களில், வாரத்தில் மூன்று நாட்களாவது வியர்க்கும்படி எதையாவது செய்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். இதயம், தசை, மூச்சு, சர்க்கரை ஆகியவற்றைப் பற்றி நாட்டிலேயே அதிகம் படிக்கிற இளைஞர் கூட்டம் நாங்கள். அந்தப் படிப்பு எங்கள் கால்களை எட்டவில்லை.

முதலாண்டு உடலியங்கியல் செய்முறை வகுப்பில் ஹார்வர்டு படியேறும் சோதனை என்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் உருவான அந்தச் சோதனையை 1943-இல் லூசியன் புரூஹா வெளியிட்டார். 20 அங்குல உயரமுள்ள ஒரு படி, நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்கும்படி ஒரு தாளம், நாடியை எண்ண ஒரு கடிகாரம் ஆகியவற்றைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் வரை, அல்லது இனி முடியாது என்று நிறுத்தும் வரை ஏறி இறங்க வேண்டும். நிறுத்தி உட்கார்ந்த பின் முதல் நிமிடம், இரண்டாம் நிமிடம், மூன்றாம் நிமிடம் ஆகியவற்றின் முடிவில் தலா அரை நிமிடம் நாடியை எண்ண வேண்டும். ஏறிய நேரத்தை விநாடிகளில் எழுதி 100-ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது உடல்தகுதிக் குறியீடு. அது 90-ஐத் தொட்டால் மிகச் சிறப்பு, 80-ஐத் தாண்டினால் நன்று, 55-க்குக் கீழே போனால் குறைவு என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வோம்.

அந்த வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெண்களுக்கென்று உயரம் சற்றுக் குறைத்து 18 அங்குலமாக வைத்திருந்த மரப்படியில் ஏறினேன். தாளக் கருவி டக், டக் என்று அடிக்க, ஐந்து நிமிடமும் தவறாமல் ஏறி இறங்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த தோழி 68, 58, 50 என்று எண்ணிச் சொன்னாள். குறியீடு 85 வந்தது. எங்கள் தொகுதியில் கபடி ஆடிய ஒரு மாணவிக்கு அடுத்தபடியாக அதுவே அதிகம். வகுப்பு எடுத்த ஆசிரியை என்ன விளையாட்டு விளையாடுகிறாய் என்று கேட்டபோது எதுவும் இல்லை என்றேன், வீடு எங்கே என்று கேட்டார், சொன்னதும் புரிந்துகொண்டார்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. படியேறும்போது இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. உழைப்பு முடிந்த பிறகு எவ்வளவு விரைவாக அது அமைதிக்குத் திரும்புகிறது என்பதைத்தான் கேட்கிறது. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியேற்றும். ஆகையால் குறைந்த துடிப்புகளிலேயே வேலை முடிந்துவிடும். உழைப்பு ஓய்ந்ததும் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கடிவாளம் சட்டென்று இறுகி நாடியைக் கீழே கொண்டுவரும். பயிற்சி இல்லாதவரின் நாடி மூன்றாவது நிமிடத்திலும் தணியாமல் துள்ளிக்கொண்டிருக்கும்.

வீடு திரும்பிய மறுநாள் அதே சோதனையை வாசலில் செய்து பார்த்தேன். வாசற்படியை இஞ்சி டேப் வைத்து அளந்ததில் 18 அங்குலத்துக்கு அரை அங்குலம் குறைந்தது. கோழிக்கூண்டை மூடும் பலகையை எடுத்து மேலே போட்டுச் சரிசெய்தேன். தாளத்துக்குக் கைப்பேசி. மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் கால் தாளத்தைத் தவறவிட்டது. அதற்கு மேல் முடியவில்லை. 76, 68, 60. கணக்குப் போட்டால் 54 வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் சரி போடப்பட்ட 85 இப்போது 54.

இதில் நியாயமான ஒரு கேள்வி எழும். முதல் சோதனை சமவெளியில், இரண்டாவது மலையில், இரண்டையும் ஒப்பிடலாமா? உயரம் கூடும்போது காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதமாகத்தான் இருக்கும்; காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனின் அளவு குறையும். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியின் உயரமும் அதுவே. அங்கே நீண்ட தூர ஓட்டக்காரர்கள் மூச்சுக்குத் திணறித் தாமதமாக ஓடினார்கள். காற்றின் தடை குறைவாக இருந்த அதே இடத்தில்தான் அமெரிக்க வீரர் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். 2022-இல் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கி ஆண்டுக்கு 150 பேர் சேர்வதால், சமவெளியிலிருந்து வரும் மாணவர்கள் பலருக்கு இந்தப் பாடம் புத்தகத்துக்கு முன்பே உடம்பில் தெரிந்துவிடும். ஆனால் என் கணக்குக்கு இது முழு விடை ஆகாது. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆக, உயரத்தின் மேல் போடக்கூடிய பழி இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. மீதியெல்லாம் நான் உட்கார்ந்திருந்த ஆண்டுகள்.

அந்த உட்காரல் மருத்துவக் கல்லூரியில் தொடங்கவில்லை. பதினோராம் வகுப்பிலிருந்தே பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரோ வேதியியல் ஆசிரியரோ வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நீட் தேர்வுக்கென்று இன்னொரு ஆண்டு பயிற்சி மையத்தில், காலை முதல் இரவு வரை மர பெஞ்சில். விளையாடப் போவது படிப்பைக் கெடுக்கும் என்று வீட்டிலும் பள்ளியிலும் அக்கறையோடுதான் சொன்னார்கள். அப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய பிள்ளைகள்தான் கல்லூரிக்குள் வருகிறோம். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், முதல் மாத அடிப்படைப் பயிற்சியின் 175 மணி நேரத்தில் 22 மணி நேரத்தை விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் ஒதுக்கியது. அது நல்ல எண்ணம். அந்த மாதத்தில் த்ரோபால் ஆடினோம், சிரித்தோம், ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொண்டோம். அதன் பிறகும் எங்கள் கால அட்டவணையில் விளையாட்டு என்று ஒரு கட்டம் இருந்தது. ஆனால் இன்டர்னல் தேர்வு நெருங்கும்போதெல்லாம் முதலில் பறிபோனது அதுதான். பிறகு யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

பெண்களுக்கு இதில் இன்னொரு பூட்டும் இருந்தது. வகுப்பு முடிந்து, மாலை மருத்துவமனைப் போஸ்டிங் முடிந்து, விடுதிக்கு வந்து முகம் கழுவும்போது ஆறு மணி ஆகிவிடும்; எங்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு அடைபடும். மாணவர்கள் இரவு எட்டு மணி வரை மைதானத்தில் கால்பந்து ஆடும் சத்தம் எங்கள் வராந்தாவில் கேட்கும். உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, அதாவது நாங்கள் வகுப்பில் இருக்கும் நேரம். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்த ஒரு முடிவு எங்கள் எலும்பையும் இதயத்தையும் பாதிக்கும் முடிவாகவும் இருந்தது என்பதை மருத்துவம் தெரிந்தவர்களே கவனிக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருக்கிறார்கள் என்றது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். அந்த இடைவெளியைப் படித்தபோது எனக்கு எங்கள் விடுதிக் கதவு நினைவுக்கு வந்தது.

நாள் முழுதும் வார்டில் நிற்கிறோமே, அது போதாதா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டதுண்டு. போதாது. ரவுண்ட்ஸில் பேராசிரியரின் பின்னால் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நகர்வது நடை அல்ல. கால் கடுக்கும், நாடி ஏறாது. களைப்பும் உடற்பயிற்சியும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

சமூக மருத்துவப் பாடத்தில் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் பெயரை ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்திருக்கிறோம். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர்கள், ஒரே வண்டியில் நாள் முழுதும் போனவர்கள். ஓட்டுநர் உட்கார்ந்தே இருந்தார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு வேலை நாளில் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது, வந்தாலும் உடனே உயிரைப் பறிப்பது குறைவு என்று 1953-இல் லான்செட் இதழில் மோரிஸ் எழுதினார். ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருமனானவர்கள்தான் சேர்ந்தார்களோ என்ற சந்தேகம் வந்தபோது, அவரே சீருடைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்து ஆராய்ந்து, அந்த வேறுபாடு ஓரளவு உண்மை என்று வெளியிட்டார். தன் முடிவைத் தானே சோதித்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படியேறவில்லை. சீட்டுக் கிழிக்கப் போனார்கள். பள்ளி நாட்களில் நான் ஏறியதும் அப்படித்தான். ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்ட ஏற்றம் நிலைத்து நிற்கிறது. நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று தனியே ஒதுக்கி வைத்த ஏற்றம் முதல் தேர்விலேயே நின்றுவிடுகிறது.

இன்னோர் ஆய்வு எங்கள் வயதுக்கே உரியது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதையொட்டிய ஐந்து மாணவர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைந்ததே பெரிய காரணம். பிறகு எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்ததும் இழந்தது திரும்பியது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, ஐம்பது வயதில் இருந்த அவர்களில் ஒருவர்கூட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்தெழுந்தபோது இருந்த நிலைக்குக் கீழே போயிருக்கவில்லை. முப்பது ஆண்டு முதுமையை விட மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பயமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. இழப்பது எவ்வளவு விரைவோ, மீட்பதும் அவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் அம்மா கேட்ட இரண்டாவது கேள்வியை எழுதியாக வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மாயி கொழுந்து பறித்தார்; அம்மாவும் பறிக்கிறார். எங்கள் வீட்டில் 'மலைக்குப் போவது' என்றால் வேலைக்குப் போவது என்றுதான் பொருள். அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லிவிட்டு அம்மா கேட்டார்: "காலையில எட்டு மணிக்கு மலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் ஏறி எறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். முதுகுல கொழுந்து. இது நடை இல்லையா புள்ள?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மருத்துவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. போஸ்டிங்கில் நானும் நூறு பேரிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமலே, அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் உழைப்பு உழைப்பே. ஆனால் அது உடலுக்குச் செய்வது வேறு. செடிக்குச் செடி இரண்டு அடி நகர்ந்து, சரிவில் ஒரு காலை ஊன்றி மற்றதை மடக்கி நின்று, இடுப்பைத் திருப்பி இரண்டு கையாலும் பறிக்கும் வேலையில் தசை இறுகியே நிற்கிறது. இதயம் தொடர்ந்து பத்து நிமிடம் விறுவிறுப்பாக ஓட வாய்ப்பு குறைவு. சுமையோடு இறங்கும்போது முழங்கால் மூட்டு வாங்கும் அழுத்தம் ஏறும்போது வாங்குவதை விட அதிகம். இளைப்பாறுவதும் தன் விருப்பப்படி அல்ல, எடை போடும் நேரத்தின்படி. வேலையிடத்து உடலுழைப்பும் ஓய்வுநேர உடற்பயிற்சியும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு அகால மரண அபாயம் 18 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. பெண்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. மோரிஸின் நடத்துநர்கள் சுமையில்லாமல், அவ்வப்போது நின்று, மூச்சு வாங்கி ஏறினார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட ஏற்றம் நல்லது என்று நான் மேலே எழுதியது, அம்மாவின் முழங்காலுக்கு அப்படியே பொருந்தாது.

அம்மாவுக்கு நான் சொன்னது சிறியது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் உட்காராமல், லைன் வீடுகளுக்கு முன்னால் இருக்கும் சமதளச் சிமெண்டுத் தரையில், கையில் எதுவும் இல்லாமல், கால் மணி நேரம் என்னோடு நடக்க வேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே நடந்தால் அது நன்றாகத் தெரியும். முதல் நாள் அம்மா கூச்சப்பட்டார். வேலை இல்லாமல் நடப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். இரண்டாம் வாரத்தில் பக்கத்து வீட்டுச் சித்தியும் சேர்ந்துகொண்டார். இப்போது நான் ஒரு நாள் சோர்ந்து உட்கார்ந்தாலும் அவர்கள் இருவரும் போகிறார்கள்.

எனக்குரிய நேரத்தைத் தேடுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அதிகாலை நடை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். கோத்தகிரியில் விடிவதற்கு முன் தேயிலைக்குள் தனியே போனால் காட்டுமாடு நிற்கும், சில நாட்களில் கரடி குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் இருப்பது புதரா மாடா என்று தெரியாது. மாலை ஆறு மணிக்குப் பிறகும் அதே பயம். மலைவாசிகளுக்குக் கொடுக்கும் அறிவுரையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே நான் பகல் வெளிச்சத்தில், வீட்டு வேலைகளோடு சேர்த்து, அந்த 196 படிகளையே எடுத்துக்கொண்டேன். பால் வாங்க ஒருமுறை, காய்கறிக்கு ஒருமுறை, அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒருமுறை, நூலகத்துக்கு ஒருமுறை.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு படி சராசரி 18 சென்டிமீட்டர். மொத்த ஏற்றம் 35 மீட்டர். என் எடைக்கு அதில் செலவாகும் ஆற்றல் இருபது இருபத்தைந்து கலோரிதான்; ஓர் ஊட்டி வர்க்கிக்குக்கூட அது ஈடாகாது. உடல் மெலிய வேண்டும் என்று படியேறுகிறவர்கள் இதனால்தான் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நிற்காமல் ஏறினால் மூன்று நிமிடம், அந்த மூன்று நிமிடமும் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும். அதாவது கடும் உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்கிறது; ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. நாளுக்கு நான்கு ஏற்றம், தலா மூன்று நிமிடம். வாரத்துக்கு 84 நிமிடம். ஆடைக்கும் கருவிக்கும் செலவில்லை. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் தனியாக வேண்டும். அதற்கு வாசலில் அண்ணனின் பழைய செங்கற்கள் இருக்கின்றன.

மூன்றாவது வாரத்தில் படிகளை நிற்காமல் ஏறினேன். ஆறாவது வாரத்தின் முடிவில், அதே பலகையைப் போட்டு, மீண்டும் சோதனை செய்தேன். இந்த முறை அம்மா நாடி எண்ணினார். மணிக்கட்டில் எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரலுக்கு முதலில் நாடி புலப்படவில்லை. கட்டைவிரல் பக்கமாக இன்னும் சற்று நகர்த்தியதும் முகம் மாறியது. ஐந்து நிமிடமும் முடித்தேன். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்து 72 என்றார். பிறகு 64, பிறகு 56. குறியீடு 78. பழைய 85 இன்னும் தூரத்தில் இருக்கிறது. "எனக்கும் எண்ணிப் பாரு" என்று கையை நீட்டினார்.

தானே உடற்பயிற்சி செய்யும் மருத்துவர்கள் நோயாளிகளிடமும் அதைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. இதை வைத்து மருத்துவ மாணவர்களை முன்மாதிரியாக இருங்கள் என்று உபதேசிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்களுக்கு மன உறுதி குறைந்ததால் நடக்காமல் போகவில்லை. மன உறுதி இல்லாதவர்கள் இந்தப் படிப்புக்குள் வந்திருக்கவே முடியாது. கதவு அடைபடும் நேரமும் மைதானத்தின் விளக்கும் கால அட்டவணையில் ஒரு கட்டமும்தான் எங்கள் கால்களைத் தீர்மானித்தன. ஆகவே கேட்க வேண்டியதும் அவற்றைத்தான்.

அடுத்த வாரம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி தொடங்குகிறது. ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு வார்டுக்கும் லேபுக்கும் ஓடுவது எங்கள் வேலை. வார்டு நான்காவது மாடி, லேப் தரைத்தளம். லிஃப்டில் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்; அவசர மாதிரியானால் மட்டும் எது விரைவோ அதில். விடுதித் தோழிகள் நான்கு பேரும் நானும் சேர்ந்து வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். வாரத்தில் மூன்று நாட்கள், மாலை ஆறிலிருந்து ஏழரை வரை, விளக்கும் ஒரு காவலரும் இருக்கும்படி மைதானத்தைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் கதவை எட்டு மணிக்கு அடைக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் எங்களுக்கான நேரத்தைக் காலை ஐந்தரைக்கு மாற்ற வேண்டும். முதலாண்டு மாணவிகள் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை பணியில் சேர்ந்ததும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம்.